ஊற்றிய கை

இருட்டு பிரியும் முன்பே பபிராம் தண்ணீரில் இறங்கிவிட்டான். தேகாடுபி ஏரியின்மேல் பனி படுத்துக் கிடந்தது. நீட்டிய கை தெரியவில்லை. தண்ணீர் முதலில் முழங்காலைக் கடித்தது, பிறகு இடுப்பை, பிறகு நெஞ்சை. அதற்கு மேல் உடம்பு தன்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிடும். தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் ஒரு தகர டின்னைத் தூக்கிப் பிடித்திருந்தான். கால் வழுக்கினால் டின் தன் முகத்தில்தான் கவிழும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு காலாகச் சேற்றில் ஊன்றி ஊன்றிப் போனான்.

ஆகாயத்தாமரை நெஞ்சில் இடித்ததும் மேற்கு ஜெங் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டான். ஐப்பசியில் அவனும் மற்ற ஆட்களும் போட்ட ஜெங்தான் அது. ஹிஜல் மரக்கிளைகளையும் மூங்கில் தூர்களையும் ஏரிக்குள் குவித்து, மேலே ஆகாயத்தாமரையை இழுத்து மூடிவைத்தால், குளிருக்கு ஒண்ட இடம் தேடும் மீன்கள் அதற்குள் வந்து குடியேறும். பிகுத் திருநாள் நெருங்கும்போது மூங்கில் தட்டியால் சுற்றி வளைத்துக் கட்டி, ஆட்கள் உள்ளே இறங்கி, கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டால் கடைசியில் மீன் மட்டும் மிஞ்சும். ஊறிக் கனத்த ஒரு கிளையை இழுக்க நாலு பேர் வேண்டும். தேளி மீன் கொட்டும், அட்டை கடிக்கும், விரல் மரத்துப்போய் முள் குத்தியதே கரையேறிய பிறகுதான் தெரியும். ஆனால் அந்த ஒரு ஜெங் பல குடும்பங்களுக்குப் பல நாள் சோறு போட்டது.

இப்போது அத்தனை வேலையையும் இந்த டின் செய்துவிடும். பபிராம் மூடியைத் திருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாமரை வேர்களுக்கு இடையே ஊற்றினான். பால் போலக் கலங்கிக் கீழே இறங்கியது. பூண்டு அழுகிய வாடை ஒன்று வந்து, அழுகும் தாமரை நாற்றத்தோடு கலந்துபோயிற்று. காலி டின்னைத் தண்ணீரில் கழுவக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கரையேறி, ஏரிக் கணக்கு எழுதும் முகுரி தரணி காட்டியிருந்த இடத்தில் சேற்றைத் தோண்டிப் புதைத்தான். கையைச் சாம்பல் போட்டு மறுபடி மறுபடி தேய்த்தான்.

ஏரி அரசாங்கத்துடையது. அரசாங்கம் அதை ஏலத்தில் விடும், எடுத்தவர் மகால்தார். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இதிலேயே பிறந்து இதிலேயே செத்த கைபர்த்த மீனவர்கள், சொந்த ஏரியில் அவருக்குக் கூலி. அது பழகிப்போன வயிற்றெரிச்சல். புதிதாக வந்தது பூச்சி மருந்து; ஊற்றினால் மீன் தானே செத்து மிதக்கும், வாரினால் போதும். நாளெல்லாம் கிளை இழுக்க ஆள் எதற்கு என்று மகால்தார் பாதிப் பேரை நிறுத்தினார். மிச்சப் பேருக்கு, வேலைதான் குறைந்துவிட்டதே என்று கூலியையும் குறைத்தார். பொது நீரில் மருந்து ஊற்றுவது குற்றம் என்று கரையில் ஒரு பலகை நிற்கிறது. கொக்கு உட்கார வசதியான பலகை.

அடுத்து நிறுத்தப்படுகிறவர்களில் பபிராம் பெயர்தான் முதலில் என்று தெரிந்த நாளன்று முகுரி அவனைத் தனியே கூப்பிட்டார். ஊற்றுகிறவனுக்கு வேலை போகாது என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அவன் அக்கா ரூபஹியின் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். அவள் புருஷன் ஹோலிராம்தான் ஜெங் ஆட்களுக்குத் தலைவர். ஊற்றுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஊர்ப் பிரார்த்தனைக் கூடமான நாம்கரில், சாமி முன்னால், ஊர் கேட்கச் சொன்ன மனுஷர் அவர்.

கரையில் இருந்த மீன்பிடி முகாமில் நெருப்பு எரிந்தது. ஆட்கள் சுற்றி உட்கார்ந்து சிவப்புத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்கள். இன்றைக்குக் கிழக்கு ஜெங் என்று முகுரி முந்தின மாலையே சொல்லியிருந்தார். பகலானதும் இரண்டு பேரை மட்டும் மேற்கே அனுப்பி மிதப்பதை வாரிக்கொள்வது அவர் திட்டம். அந்த நினைப்பில்தான் பபிராம் நெருப்பில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகுரி இன்னும் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

படகு நகர்ந்ததும் ஹோலிராம் எழுந்து நின்று கன்னத்தைக் காற்றுக்குக் காட்டினார். கிழக்குக் காற்று. எதிர்க்காற்றில் தட்டி கட்டினால் நிற்காது, மேற்கே திருப்புங்கள் என்றார். எந்த ஜெங்கை முதலில் திறப்பது என்பதைத் தலைவர்தான் காற்றைப் பார்த்துச் சொல்லவேண்டும். முகுரி முன்னாலேயே எதைச் சொல்லியிருந்தாலும் கடைசிச் சொல் தலைவருடையது.

“கெழக்கேதான போகச் சொன்னாங்க, அத்தான்” என்றான்.

“என்ன மாப்ளே, முகுரிக்கு மருமகனாயிட்டியா? அவருக்குப் பொண்ணு கூட இல்லையேடா.”

படகு முழுக்கச் சிரித்தது. பபிராமும் சிரிக்கவேண்டி வந்தது. சிரித்த வாயால் அதற்கு மேல் எதையும் சொல்ல முடியவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். பனிக்குள் துடுப்பு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மேற்கு ஜெங் எங்கேயாவது காணாமல் போய்விடக் கூடாதா என்று குழந்தையைப் போல வேண்டிக்கொண்டிருந்தான்.

ஜெங் காணாமல் போகவில்லை. ஓரத்தில் பொடி மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. ஹோலிராமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே இடமில்லாமல் வெளியே குதிக்கிறது பாருங்கள் என்று காட்டினார். பல நாட்களாக அவருக்கு மூக்கடைப்பு; வாடை தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தாமரை அழுகல்தான். அவர் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு இறங்கினார்.

ஜெங்கைத் திறக்கும் முன் தலைவர் ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடிக்கவேண்டும். துப்பக் கூடாது. உன் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் கேட்கிறோம், கொடு என்று ஏரியிடம் சொல்வதற்குச் சமம் அது. வெளியூர்க்காரன் பார்த்தால் முகம் சுளிப்பான். ஆனால் அந்த ஊரில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் இந்த ஏரித் தண்ணீர்தான் கஞ்சி. ஹோலிராம் தாமரையை விலக்கி, இரண்டு கைகளையும் குவித்து அள்ளினார்.

பபிராம் வாயைத் திறந்தான். “வேண்டாம்” என்ற சொல் தொண்டை வரை வந்தது. படகில் இருந்த முகங்கள், அக்காவின் முகம், நாளைக்கு அடுப்பில் வைக்கவேண்டிய அரிசி எல்லாம் ஒன்றாக வந்து அந்தச் சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. அந்த ஒரு கணத்தை அவன் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஹோலிராம் குடித்துவிட்டு, ஈரக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“அத்தான், ஏறுங்க. தண்ணியில நிக்காதீங்க” என்று அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

“இப்பத்தானடா எறங்கினேன். குளிருதுன்னா நீ படகுலயே குந்து.”

தட்டி கட்டத் தொடங்கினார்கள். முதல் கிளையை இழுக்கும்போது ஹோலிராமின் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. துடைத்துக்கொண்டார். மறுபடி வடிந்தது. கண் எரிகிறது என்றார். தோள் தசை தானாகத் துடித்தது. பிறகு கிளையைப் பிடித்தபடியே சாய்ந்தார். அதற்குள் அவரைச் சுற்றிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வர ஆரம்பித்துவிட்டன. பெரியது, சிறியது, முட்டை வயிற்றோடு இருந்தது எல்லாம் வந்தன. ஆட்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அலறிக்கொண்டு அவரைத் தூக்கிப் படகில் போட்டார்கள். பபிராம்தான் எல்லோரையும்விட வேகமாகத் துடுப்புப் போட்டான்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா நல்லவள். வயது குறைவு, வாய் பேச்சு அதைவிடக் குறைவு. ஹோலிராமின் இமையை விலக்கிப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டாள். ஈரத் துணியை எல்லாம் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். ரூபஹி வந்து சேர்ந்தபோது அவர் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்பே மகால்தாரின் கார் வந்து நின்றிருந்தது. மனுஷர் வராந்தாவில் நின்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: வீட்டில் ஏதோ சண்டையாம், பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறான், நல்ல வேலைக்காரன், பாவம்.

தற்கொலை என்றால் போலீசுக்குத் தகவல் போகவேண்டும் என்று கம்பவுண்டர் சொன்னார். கூட்டம் ரூபஹியைப் பார்த்தது. டாக்டரம்மா வெளியே வந்து அவளிடம், வீட்டில் என்ன மருந்து இருந்தது, பாட்டிலைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள்.

“எங்க வீட்ல பயிர் மருந்து எப்படிம்மா இருக்கும்? எங்களுக்கு வயலே கெடையாது” என்றாள் ரூபஹி.

டாக்டரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: “கண்ண வச்சு ஒரு குத்துமதிப்பா ஊசி போட்டிருக்கேன். எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு, எத்தனை நாள்னு தெரியும். தப்பான ஊசியும் ஆளக் கொல்லும். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.”

பபிராமின் தோளில் ஒரு கை விழுந்தது. மகால்தார் அவனைக் காருக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். அவன் அவரை அத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சட்டையில் நல்ல வாசனை வந்தது.

“உன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியுது. போய்ச் சொல்லு, நான் தடுக்கல. யார் ஊத்தினதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?”

“நீங்க சொல்லி ஊத்தினேன்னு சொல்லுவேன்.”

“நானா? நான் உங்கிட்ட இதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசியிருக்கனா? நல்லா யோசிச்சுப் பாரு.”

பபிராம் யோசித்தான். பேசியதில்லை. எல்லாம் முகுரிதான். முகுரியும் எப்போதும் தனியாகத்தான் சொன்னார். டின்னைக்கூட நேரே கையில் கொடுத்ததில்லை, படகுக்கடியில் இருக்கிறது என்பார்.

“சட்டம் ஊத்தின கையத்தான்யா கேக்கும். ஊத்தச் சொன்ன வாய எவனும் பாத்ததில்ல. உள்ள போயிட்டீன்னா உன் பிள்ளைங்களுக்கு யாரு? உன் அத்தானுக்கு ஆகற செலவ நான் பாத்துக்கறேன். சீசன் முடியறவரைக்கும் உனக்கு வேலை. நீ ஒண்ணும் செய்யவேணாம், சும்மா இரு. காலையில படகுல இருந்தியே, அந்த மாதிரி.”

கடைசி வார்த்தைதான் அவனைக் குத்தியது. படகில் நடந்தது அதற்குள் இவர் காதுக்கு எப்படிப் போயிற்று என்று அவன் ஆச்சரியப்படவில்லை. ஏரியில் மீன் வால் ஆட்டினாலும் மகால்தாருக்குத் தெரியும். தான் வலையில் விழுந்த மீன்கூட இல்லை, வலையை இழுத்துக் கட்டிய கயிறே தான்தான் என்று நினைத்துக்கொண்டான். முன்னே போனால் ஜெயில். நின்றால் அத்தானின் பிணம். பின்னால் போக இடமே இல்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். நல்ல பையன் என்று மகால்தார் டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

நேரே ஏரிக்குப் போனான். முகாமில் இருந்தவர்கள் மேற்கே மீன் வாரப் போயிருந்தார்கள். செத்த மீனும் பிகுச் சந்தையில் பெரிய விலை போகும். பபிராம் முழங்கால் போட்டுச் சேற்றைக் கையாலேயே தோண்டி டின்னை எடுத்தான். ஒட்டியிருந்த காகிதத்தை முகுரி முன்பே சுரண்டியிருந்தார். அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. இருட்டில் கவிழ்த்தபோது கடைசிச் சொட்டு வரை கவிழ்க்கும் பொறுமை அவனுக்கு இருந்திருக்கவில்லை. டின்னைத் துணியில் சுற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்கவிட்டான். கடைத்தெரு வழியாகத்தான் போனான். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

டாக்டரம்மா டின்னை வாங்கித் தகரத்தின் அடியில் அச்சடித்திருந்த எழுத்துகளைப் படித்தாள். மோந்து பார்த்தாள். தலையை அசைத்துவிட்டுச் செவிலியிடம் ஏதோ சொல்லி அனுப்பினாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள். ரூபஹி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

“நான்தான் மேற்கு ஜெங்குல ஊத்தினேன். விடியறதுக்கு முன்னாடி. அத்தான் அந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு” என்றான் பபிராம்.

ரூபஹி அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடிக்கவில்லை.

“அவரு வாயில வைக்கும்போது நீ எங்க இருந்தே?”

“படகுல.”

“பாத்துட்டா இருந்தே?”

“ஆமாக்கா.”

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் நாம்கர் முன்னால் ஊர் கூடியது. தப்புச் செய்தவன் வாழை இலையில் பாக்கும் வெற்றிலையும் வைத்து, ஊருக்கு முன்னால் மண்டியிட்டுச் சொல்லவேண்டும். ஊர் அந்தப் பாக்கை எடுத்துக்கொண்டால் அவன் பேச்சைக் கேட்கும். எடுக்காவிட்டால் எழுந்து போகவேண்டியதுதான். பபிராம் இலையை வைத்து மண்டியிட்டான். பேச்சு கோர்வையாக வரவில்லை. ஊற்றியதையும் சும்மா இருந்ததையும் சொன்னான். மகால்தார் காருக்குப் பின்னால் சொன்னதையும் விடாமல் சொன்னான். வேலையிழந்து நின்றவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பாக்கை யாரும் தொடவில்லை. உன்னைப் போல ஒருத்தன் இருந்ததால்தானே எங்கள் அடுப்பு அணைந்தது என்று ஒருவர் கேட்டார். உன்னைத்தான் அந்தத் தண்ணீரில் முக்கவேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமான கோபம். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜொய்ராம் எழுந்து வந்தது அப்போதுதான். வாயாடி மனுஷன், ஊரில் எவருக்கும் பட்டப்பெயர் வைப்பவன். அன்றைக்கு அவன் வாயில் ஒரு கேலியும் இல்லை. பபிராமுக்குப் பக்கத்தில் வந்து அவனும் மண்டியிட்டான்.

“போன வாரம் தெக்கு ஜெங்குல ஊத்தினது நானு” என்றான்.

இன்னொருவன் எழுந்தான். பிறகு இன்னொருவன். வேலை போகாது என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகத்தான் சொல்லியிருந்தார் முகுரி. ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் பாவி என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பாவிக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தான். அந்த மறைப்புதான் மகால்தாரின் மூலதனம். அவர் ஏலம் எடுத்தது ஏரியை மட்டும் இல்லை.

வேலையிழந்தவர்களில் மூத்தவளான விதவை பத்மேஸ்வரி குனிந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இவர்களைத் திட்டுவதை நாளைக்கும் திட்டிக்கொள்ளலாம், கிழக்கு ஜெங் சின்னது, பெரிய வடக்கு ஜெங் இன்னும் உயிரோடு இருக்கிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள்.

மறுநாள் காலையில் ஊரே முகாமுக்குப் போனது. செய்தி கேட்டு மீன்வளத் துறை அதிகாரி வந்திருந்தார். மகால்தாரின் நாற்காலியில் உட்கார்ந்து மகால்தாரின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் பரிசோதனைக்காகப் பாட்டிலில் அடைத்த ஏரித் தண்ணீர். எங்கே எடுத்தது என்று கேட்டதற்கு, பெண்கள் குளிக்கும் துறையைக் காட்டினார். மேற்கு ஜெங் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்கூட இல்லை.

அதிகாரி கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெறும்வரை எந்தக் கோப்பும் தன்மேல் விழாமல் இருக்கவேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். பொது நீரில் மருந்து கலப்பது குற்றம், விதி தெளிவாக இருக்கிறது, கலந்தவர் யார் என்று தெரிந்தால் வழக்குப் போடலாம் என்றார்.

“இதோ நிக்கறான்” என்றார் மகால்தார். “அவனே ஊர் முன்னாடி ஒத்துக்கிட்டான். ஏரியக் கெடுத்து எனக்கு நஷ்டம் பண்ணினதும் இல்லாம, என்மேலயே பழி. எழுதிக்குங்க சார்.”

“எழுதிக்குங்க” என்றான் பபிராம். “மேற்கு ஜெங் நான். யாருக்காக ஊத்தினேன்னும் எழுதுங்க. அந்த மீனு நேத்து யாரோட லாரியில சந்தைக்குப் போச்சுன்னும் எழுதுங்க.”

“தெக்கு ஜெங் நானு” என்று ஜொய்ராம் முன்னே வந்தான். “நல்ல பேனாவா எடுங்க சார், வரிசையா வர்றோம்.”

வந்தார்கள். அதிகாரி தேநீரைக் கீழே வைத்தார். ஒருவன் என்றால் கிறுக்கன், குடிகாரன், பகையாளி என்று முடித்துவிடலாம். இத்தனை பேர் எதற்காகத் தங்கள் வாயில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்று அவர் மகால்தாரைப் பார்த்தார். முகுரி தரணி எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் போய் நின்றிருந்தார். ஊற்றினவனை மட்டும் கேட்கிற விதி எங்களுக்கு வேண்டாம், ஏலம் எடுத்தவனையும் கேட்கிற விதி வேண்டும், தண்ணீரை ஜெங்குக்குப் பக்கத்தில் எங்கள் கண்முன்னால் எடுங்கள், செத்த மீன் சந்தையில் விற்பதை நிறுத்துங்கள் என்று பத்மேஸ்வரி சொன்னாள். அதிகாரி பாட்டில் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, மேற்கு ஜெங்கில் மறுபடி நிரப்பச் செய்தார். அது ஒன்றுதான் அவரால் முடிந்தது. மற்றதெல்லாம் மேலிடத்துக்கு எழுதுகிறேன், நாளாகும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப்பின் புழுதி அடங்கும்வரை மகால்தார் காத்திருந்தார்.

“திருப்திதான? இனிமே உங்க ஒருத்தனுக்கும் இந்த ஏரியில வேலை கெடையாது. நாளைக்குப் பெரிய பிகுச் சந்தை. வடக்கு ஜெங்க எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியும். ஊத்த ஆளா இல்ல ஊர்ல?”

ஆள் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த மூன்று பையன்கள் படகில் டின்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கூலிக்காரப் பிள்ளைகள்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்டம் அப்படியே நின்றது. படகை மறித்தால் அடிதடி, அடிதடி என்றால் போலீஸ். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ரூபஹி வந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தாள். ஹோலிராம் கண் திறந்துவிட்டார். இன்னும் பேச்சு வரவில்லை, கண்டம் தப்பியதா என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. வந்தவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. படகையும் டின்களையும் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த மேகலைத் துணியை முழங்காலுக்கு மேலே வரிந்து செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வடக்கு ஜெங்கைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. தாமரை ஓரத்தில் போய்த் திரும்பி நின்றாள்.

“இப்ப ஊத்து” என்றாள் படகுக்காரப் பையன்களிடம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மேஸ்வரி இறங்கினாள். ஜொய்ராம் இறங்கினான். பிறகு யார் எப்போது இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. மூங்கில் தட்டி கட்டவேண்டிய இடத்தில் ஆட்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். ஊற்றினவனுக்குப் பக்கத்தில் வேலையிழந்தவன் நின்றான். பெரிய ஜெங் அது. எல்லோரும் நின்றும் வட்டம் மூடவில்லை.

பபிராம் கரையிலேயே நின்றான். இறங்குவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று கால் நகரவில்லை. படகில் உட்கார்ந்ததுபோல மறுபடியும் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று உள்ளே எரிந்தது.

ரூபஹி அவனைப் பார்த்தாள்.

“வா” என்றாள். “மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. அவரு எழுந்து நடந்தாலும் மன்னிப்பனான்னு தெரியல. இங்க ஆள் பத்தல, வந்து நில்லு.”

அவன் இறங்கினான். தண்ணீர் முழங்காலைக் கடித்தது, இடுப்பைக் கடித்தது. அவள் கைக்கும் ஜொய்ராமின் கைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய் நின்றான். அக்காவின் கை பனிக்கட்டியாக இருந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படகிலிருந்த பையன்களில் ஒருவன் டின்னைக் கால்களுக்கு இடையில் வைத்துவிட்டுத் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டான். எவ்வளவு நேரம் நிற்பார்கள், குளிர் தாங்காமல் ஏறிவிடுவார்கள் என்று மகால்தார் கரையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உக்காரட்டும்” என்றாள் பத்மேஸ்வரி. “தண்ணியில நிக்கறது நமக்கென்ன புதுசா?”

பனி இன்னும் முழுக்க விலகவில்லை. அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், ஆகாயத்தாமரைக்கு அடியில், மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. பபிராமின் காலில் ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. உயிருள்ள மீன்.